கையெழுத்துப் போடும் ஆங்கிலம்: தில்லிக் கடைவீதியில் வியாபாரம் தொடங்குவோர் படிக்காத பாடம்

புது தில்லி: பழைய தில்லியில் ஜும்மா மசூதிக்கு மேற்கே நீளும் சாவ்ரி பஜார், காகிதத்துக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் பெயர்பெற்ற கடைவீதி. அங்கு பில் புத்தகம் அச்சிட்டுத் தருவோரும் உண்டு. புதிதாகக் கடை திறப்பவர் கடையின் பெயர், முகவரி, தொலைபேசி எண், வரிப்பதிவு எண் ஆகியவற்றைத் துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். மற்றவை அச்சகத்தாரிடம் தயாராக இருக்கும். தாளின் அடியில் சிறிய எழுத்தில் வரிசையாக வந்து நிற்கும் அந்த ஆங்கில வாசகங்களை இந்தியாவில் பொருள் வாங்கிய எவரும் ஒருமுறையாவது பார்த்திருப்பர். 'கூட்ஸ் ஒன்ஸ் சோல்ட் வில் நாட் பி டேக்கன் பேக்' என்பது ஒன்று. 'சப்ஜெக்ட் டு டெல்லி ஜூரிஸ்டிக்‌ஷன்' என்பது மற்றொன்று. 'இ அண்ட் ஓ.இ.' என்ற புதிரான எழுத்துக்கள் இன்னொன்று. இவற்றுக்கு வலப்புறம், 'ஆதரைஸ்டு சிக்னேட்டரி' என்ற சொற்களுக்கு மேலே, கடைக்காரர் நாள்தோறும் நூறு முறை கையெழுத்திடுகிறார். தாம் எதற்குக் கீழ்ப்பட்டுக் கையெழுத்திடுகிறோம் என்பதைப் பெரும்பாலானோர் வாசித்ததில்லை.

வியாபாரம் தொடங்குவதற்கு ஆங்கிலம் தேவை என்ற எண்ணம் தலைநகரில் வேரூன்றிப் பல காலமாகிறது. முகர்ஜி நகரிலும் லட்சுமி நகரிலும் மாடிப்படிகள் தோறும் 'ஸ்போக்கன் இங்கிலீஷ்' பலகைகள் தொங்குகின்றன. தில்லியிலிருந்து புஸ்தக் மஹால் வெளியிட்ட 'ராப்பிடெக்ஸ்' ஆங்கிலப் பயிற்சி நூல் தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் பரவியது. கிரிக்கெட் வீரர் கபில்தேவ் அதன் விளம்பரத்தில் தோன்றியதை நடுவயதினர் மறந்திருக்க மாட்டார்கள். வணக்கம் சொல்வது, நலம் விசாரிப்பது, தொலைபேசியில் பேசுவது, நேர்முகத் தேர்வில் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வது என இந்த வகுப்புகளும் நூல்களும் கற்பிப்பது பெரும்பாலும் வாயால் பேசும் ஆங்கிலம்.

சதர் பஜாரின் மொத்த வியாபாரிக்கோ காரி பாவ்லியின் மசாலா வியாபாரிக்கோ அது அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. அங்கு வியாபாரம் நடப்பது இந்தியிலும் பஞ்சாபியிலும்தான். பார்ட்டி, ரேட், லாட், சாம்பிள், டிஸ்கவுண்ட், பேமென்ட், அட்வான்ஸ் என ஒரு கைப்பிடி ஆங்கிலச் சொற்கள் அந்தப் பேச்சில் கரைந்து, ஆங்கிலம் என்ற நினைப்பே இல்லாமல் புழங்குகின்றன. காலை முதல் இரவு வரை ஒரு முழு ஆங்கில வாக்கியமும் பேசாமல் அங்கு லட்சக்கணக்கான ரூபாய்க்கு விற்பனை செய்ய முடியும். ஆனால் ஓர் ஆங்கில வாக்கியத்துக்கும் கையெழுத்திடாமல் ஒரு நாளைக்கூடக் கடத்த முடியாது. வியாபாரிக்கு உரிய ஆங்கிலம் வாசிக்கவேண்டிய ஆங்கிலம். அதை எந்த வகுப்பும் முறையாகக் கற்பிப்பதில்லை.

பில்லின் அடியிலிருந்தே தொடங்கலாம். விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்ற முதல் வாசகம் தமக்குக் கவசம் என்றே கடைக்காரர்கள் நம்புகின்றனர். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதற்கு நேர்மாறாகப் பேசுகிறது. குறையுள்ள பொருளைப் பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள், அவ்வாறு காலம் எதுவும் குறிப்பிடப்படாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதை நியாயமற்ற வணிக முறை என்றே அச்சட்டம் வரையறுக்கிறது. கவசம் என்று நினைத்து அச்சிட்ட வரி, நுகர்வோர் ஆணையத்தில் கடைக்காரருக்கு எதிரான சான்றாகவே நீட்டப்படலாம். கைதவறி விலையையோ அளவையோ பிழையாக எழுதிவிட்டால் அதைத் திருத்தும் உரிமை உண்டு என்பதே 'இ அண்ட் ஓ.இ.' என்பதன் பொருள். நான்கு சொற்களின் சுருக்கமான அது ஒரு முத்திரைபோல அச்சாகிறது. என்னவென்று கேட்பவர் அரிது.

நொய்டா என்னும் வெளிமாநிலம்

2017 ஜூலை 1-இல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபின், சிறு வியாபாரி எதிர்கொள்ளும் சொற்பட்டியல் சட்டென நீண்டது. முன்பு விற்பனை வரி என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கியிருந்தவை இன்று 'டேக்ஸ் இன்வாய்ஸ்', 'பில் ஆஃப் சப்ளை', 'இன்புட் டேக்ஸ் கிரெடிட்', 'ரிவர்ஸ் சார்ஜ்', 'பிளேஸ் ஆஃப் சப்ளை' எனக் கிளைத்துவிட்டன. இவற்றுள் ஒவ்வொன்றும் பணம்.

தில்லியில் சரக்கு விற்பவரின் ஆண்டு விற்பனை 40 லட்ச ரூபாயைத் தாண்டாதவரை வரிப்பதிவு கட்டாயமில்லை. இதை ஏறத்தாழ அனைவரும் அறிவர். அறியாதது அடுத்த வரி. வேறு மாநிலத்துக்குச் சரக்கு அனுப்பினால் இந்த வரம்பு பொருந்தாது. கைவினைப் பொருட்கள் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, முதல் ரூபாய்க்கே பதிவு வேண்டும். மற்ற நகரங்களில் இது பெரிய சங்கடமன்று. ஒரு மதுரைக் கடைக்காரர் வெளிமாநிலம் என்றால் வெகுதூரம் என்று அறிவார். தலைநகரின் நிலை அப்படியில்லை. மயூர் விஹாரில் உள்ள மளிகைக் கடையிலிருந்து சில நிமிடத் தொலைவில் நொய்டா தொடங்குகிறது. அது உத்தரப் பிரதேசம். தென்மேற்கே மெட்ரோ ரயில் சென்றடையும் குருகிராம், ஹரியானா. வாடிக்கையாளர் கடைக்கு வந்து வாங்கிச் சென்றால் உள்ளூர் விற்பனை. அதே பொருளைக் கடைப் பையன் இருசக்கர வண்டியில் எடுத்துச் சென்று நொய்டாவின் அடுக்குமாடிக் குடியிருப்பில் கொடுத்தால் 'இன்டர்ஸ்டேட் சப்ளை'. சரக்கின் பயணம் எங்கு முடிகிறதோ அதுவே 'பிளேஸ் ஆஃப் சப்ளை' என்பது சட்டம். மயூர் விஹாரில் தமிழர்கள் நடத்தும் கடைகளும் இருக்கின்றன. இட்லி மாவும் அப்பளமும் நொய்டாவுக்குப் போகும்போது மாநில எல்லையைக் கடக்கின்றன என்ற எண்ணம் எவருக்கு எழும்?

சிறு வியாபாரிகளுக்கென்றே வகுக்கப்பட்ட 'காம்போசிஷன் ஸ்கீம்' இன்னொரு சொற்பொறி. பள்ளியில் படித்த நினைவில் 'காம்போசிஷன்' என்றால் கட்டுரை எழுதுவது. வரிச் சட்டத்தில் அதன் பொருள், கணக்கு வழக்குகளை நுணுக்கமாகப் பாராமல் விற்பனையில் ஒரு சிறு விழுக்காட்டை ஒட்டுமொத்தமாகக் கட்டி முடித்துக்கொள்வது. ஆண்டு விற்பனை 1.5 கோடி ரூபாய் வரை உள்ள வியாபாரி 1 சதவீதம் செலுத்தினால் போதும். ஆனால் இதில் சேர்ந்தவர் வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கக் கூடாது. கொள்முதலில் தாம் செலுத்திய வரியைக் கழித்துக்கொள்ளவும் முடியாது. வெளிமாநிலத்துக்கு விற்கவும் கூடாது. தாம் 'காம்போசிஷன் டேக்ஸபிள் பெர்சன்' என்பதைக் கடைப் பலகையில் எழுதிவைக்க வேண்டும் என்றும், வரி வசூலிக்கத் தகுதியற்றவர் என்பதை ஒவ்வொரு பில்லின் தலைப்பிலும் குறிக்க வேண்டும் என்றும் விதி கூறுகிறது. ஆகவே வேறெந்தச் சொல்லும் தெரியாத கடைக்காரரின் பலகையிலும் இந்த மூன்று ஆங்கிலச் சொற்கள் இருக்க நேர்கிறது. அவற்றைப் பட்டப்பெயர் என்று எண்ணுவோரும் இருக்கக்கூடும்.

'ரிட்டர்ன்' என்ற சொல்லும் இப்படித்தான். கடைவீதியில் ரிட்டர்ன் என்றால் திரும்பி வந்த சரக்கு. வரித்துறையில் அது தாக்கல் செய்ய வேண்டிய கணக்கு விவரம். விற்பனையே இல்லாத மாதத்துக்கும் 'நில் ரிட்டர்ன்' தாக்கல் செய்தாக வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 20 ரூபாய் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். தொடர்ந்து ஆறு மாதம் தாக்கல் செய்யாவிட்டால் பதிவே ரத்தாகலாம். தமிழில் 'நில்' என்றால் நின்றுவிடலாம். இந்த 'நில்' நிற்க விடுவதில்லை. கடையைத் தொடங்கி, விற்பனை ஓடாமல், பூட்டிவிட்டு ஊருக்குப் போன இளைஞர்கள் இந்தச் சொல்லில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். பதிவை முறைப்படி ரத்து செய்யாமல் கடையை மட்டும் மூடினால், வரித்துறையின் கணக்கில் அந்தக் கடை திறந்தே இருக்கும்.

அடமானம் ஒன்று, ஆங்கிலம் மூன்று

கடை வைக்க முதல் வேண்டும். வங்கியில் நீட்டப்படும் கடன் ஒப்பந்தத்தில் பக்கந்தோறும் கையெழுத்து விழுகிறது. அங்கு வரும் சொற்களில் முதன்மையானது 'ஹைப்பாதிகேஷன்'. தமிழில் அடமானம் என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கிவிடும் மூன்று வேறு ஏற்பாடுகளை ஆங்கிலச் சட்டமொழி பிரித்து வைத்திருக்கிறது. நிலத்தையும் வீட்டையும் ஈடு வைப்பது 'மார்ட்கேஜ்'. நகையைப் பெட்டியில் வைத்து ஒப்படைப்பது 'ப்ளெட்ஜ்'. சரக்கும் வண்டியும் வியாபாரியின் கையிலேயே இருக்க, வங்கியின் உரிமை மட்டும் அவற்றின்மேல் அமர்ந்திருப்பது 'ஹைப்பாதிகேஷன்'. சரக்கு கண்முன்னே இருக்கிறது, விற்கவும் முடிகிறது, ஆகவே முழுவதும் தமக்கே உரியது என்று எண்ணி, அதை இன்னொரு கடனுக்கும் ஈடுகாட்டுபவர் தெரியாமலேயே ஒப்பந்தத்தை மீறுகிறார்.

ஆங்கிலத்தை அகற்றி இந்தியை வைத்தால் இந்தச் சிக்கல் தீரும் என்பது தில்லியில் அடிக்கடி கேட்கும் வாதம். வங்கிகளின் இந்திப் படிவங்களில் 'ஹைப்பாதிகேஷன்' என்பதற்கு 'திருஷ்டிபந்தக்' என்ற சொல் ஆளப்படுகிறது. சமஸ்கிருதத்திலிருந்து வனையப்பட்ட அச்சொல், கோரக்பூரிலிருந்து வந்து தில்லியில் கடை வைக்கும் இந்திக்காரருக்கு ஆங்கிலச் சொல்லைக் காட்டிலும் அந்நியமானது. கடைவீதியில் எவரும் அதைச் சொல்வதில்லை. ஆகவே தாய்மொழி இந்தியாக உள்ளவரும் படிவத்தின் ஆங்கிலப் பக்கத்தையே ஆடிட்டரிடம் காட்டி விளக்கம் கேட்கிறார். இந்தி பேசாத மாநிலத்தவரின் குறை மட்டுமே என்று இதுவரை பேசப்பட்ட ஒன்று, உண்மையில் எளிய மக்கள் அனைவரின் குறையாகவும் இருக்கிறது.

'கியாரண்டர்' என்ற சொல் குடும்பங்களைக் குலைத்திருக்கிறது. நண்பனுக்காக ஒரு கையெழுத்து என்ற அளவில்தான் அதை எல்லோரும் நினைக்கின்றனர். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், ஒப்பந்தம் வேறுவிதமாகக் கூறாத நிலையில், ஜாமீன் கையெழுத்திட்டவரின் பொறுப்பும் கடன் வாங்கியவரின் பொறுப்பும் ஒரே அளவினது என்கிறது. கடன் வாங்கியவரை முழுவதும் துரத்திய பிறகுதான் ஜாமீன்தாரரிடம் வரவேண்டும் என்ற கட்டாயம் வங்கிக்கு இல்லை. 'ஜாயிண்ட்லி அண்ட் செவரலி' என்ற சொற்றொடர் கூட்டு வியாபாரத்தில் இதே வேலையைச் செய்கிறது. மூன்று பேர் கூட்டாகத் தொடங்கிய கடையின் கடனை மூவரில் ஒருவரிடமே முழுவதும் வசூலிக்கலாம். கூட்டு நிறுவனத்தைப் பதிவு செய்வது கட்டாயமல்ல என்று 1932-ஆம் ஆண்டின் சட்டம் தாராளமாக விட்டுவிடுகிறது. ஆனால் பதிவு பெறாத நிறுவனம், பணம் தராத வாடிக்கையாளர் மீது ஒப்பந்தத்தின்பேரில் வழக்குத் தொடுக்க முடியாது. பதிவுக் கட்டணத்தை மிச்சம் பிடித்தவர்கள் இதை அறிவது, பாக்கி நிற்கும்போதுதான்.

2016 ஏப்ரலில் தொடங்கி 2025 மார்ச் வரைக்குமென அறிவிக்கப்பட்டிருந்த 'ஸ்டாண்ட் அப் இந்தியா' திட்டம், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை கடன் வழங்க வகை செய்தது. வியாபாரத்துக்கும் அது உண்டு. நிபந்தனை, தொழில் 'கிரீன்ஃபீல்ட்' ஆக இருக்க வேண்டும் என்பது. பசுமைக்கும் வயலுக்கும் இதில் தொடர்பில்லை. விண்ணப்பிப்பவர் அத்துறையில் முதன்முதலாகத் தொடங்கும் தொழில் என்பதே பொருள். அதைப் புரியும்படி ஒரு சொல்லில் சொல்லியிருக்கலாம்.

தள்ளுவண்டிக்காரருக்கும் விலக்கில்லை. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் அவருக்கு 'சர்டிஃபிகேட் ஆஃப் வெண்டிங்' தருகிறது. அது இல்லாதவர் 2020 ஜூனில் தொடங்கிய பி.எம். ஸ்வநிதி கடனுக்கு உள்ளாட்சியிடமிருந்து 'லெட்டர் ஆஃப் ரெகமண்டேஷன்' பெற வேண்டும். முதல் தவணையாக 10 ஆயிரம் ரூபாயில் தொடங்கிய இக்கடன், 2025 ஆகஸ்டில் 15 ஆயிரமாக உயர்த்தப்பட்டது. முதல் தவணையைச் சரியாகக் கட்டியவருக்கு அடுத்தது கூடுதலாகக் கிடைக்கும். எழுத்தறியாத பூக்காரியும் 'லோன்', 'இ.எம்.ஐ.', 'கியூ.ஆர். கோடு' என்ற சொற்களைப் பிழையின்றிச் சொல்வதைத் தலைநகரின் நடைபாதைகளில் கேட்கலாம். தேவைப்பட்ட சொல்லை மக்கள் கற்றுக்கொள்ளாமல் விடுவதில்லை. அவர்களிடம் எட்டாதவை, சொல்லாமல் மறைந்திருக்கும் சொற்கள்.

அப்படி மறைந்திருக்கும் ஒன்று 'எம்.எஸ்.எம்.இ.' என்ற எழுத்துக் கோவைக்குள் இருக்கிறது. மொத்த, சில்லறை வியாபாரங்கள் 2017-இல் இந்தச் சிறுதொழில் வகைப்பாட்டிலிருந்து நீக்கப்பட்டன. வணிகர் அமைப்புகள் விடாமல் வலியுறுத்தியதை அடுத்து 2021 ஜூலையில் மீண்டும் சேர்க்கப்பட்டன. 'உத்யம்' பதிவுச் சான்றிதழைச் சட்டமிட்டுக் கடையில் மாட்டிய வியாபாரிகள் பலர். ஆனால் வங்கிகளின் முன்னுரிமைக் கடன் என்ற ஒரு பயனுக்கு மட்டுமே அந்தச் சேர்க்கை என்று ஆணை வரம்பிட்டது. பெரிய நிறுவனங்கள் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் சட்டம் சிறுதொழில்களுக்கு அளிக்கும் பாதுகாப்பு வியாபாரிக்குக் கிடைக்கவில்லை. சான்றிதழைக் காட்டிப் பாக்கியைக் கேட்கப் போனவர், 'ட்ரேடர்' என்ற சொல்லுக்கும் 'மேனுஃபேக்சரர்' என்ற சொல்லுக்கும் உள்ள தூரத்தை அங்கேதான் அளந்து பார்க்கிறார்.

சட்டம் பேசும் மொழி

இந்தச் சொற்கள் ஏன் ஆங்கிலத்தில் இருக்கின்றன என்பதற்கு விடை அரசமைப்புச் சட்டத்தின் 348-ஆவது பிரிவில் உள்ளது. நாடாளுமன்றம் வேறுவகை செய்யும் வரை உச்ச நீதிமன்றத்தின் நடவடிக்கைகளும், மத்திய, மாநிலச் சட்டங்கள், விதிகள், ஆணைகள் ஆகியவற்றின் அதிகாரப்பூர்வ வாசகமும் ஆங்கிலத்திலேயே அமையும் என்பது அதன் சாரம். மத்தியச் சட்டங்களின் மாநில மொழிபெயர்ப்புகளைக் குடியரசுத் தலைவரின் அதிகாரத்தின்கீழ் வெளியிட்டு, அவற்றுக்கும் அதிகாரப்பூர்வத் தகுதி அளிக்க 1973-இலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. வழி இருக்கிறது. ஆனால் கடைக்காரர் கையெழுத்திடும் தாள் வரை அது வந்து சேரவில்லை.

1965-இல் தமிழகம் நடத்திய மொழிப் போராட்டமும், அதையடுத்து 1967-இல் ஆட்சிமொழிச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தமும் ஆங்கிலத்தின் தொடர்ச்சியை உறுதிசெய்தன. அரசுப் பணியும் நாடாளுமன்றமுமே அன்றைய விவாதத்தின் மையம். வியாபாரியின் மொழி அதில் பேசப்படவில்லை. ஏனெனில் அந்நாளில் வியாபாரிக்கெனத் தனி மொழி இருந்தது. வடக்கே மகாஜனி எழுத்தில் பேரேடு எழுதினார்கள். ஹுண்டி என்ற ஒரு துண்டுத்தாள் நகரம் விட்டு நகரம் பணத்தைக் கொண்டு சென்றது. ஆங்கிலேயர் 1881-இல் இயற்றிய மாற்றுமுறை ஆவணச் சட்டமே, கீழை மொழிகளில் எழுதப்பட்ட இத்தகைய ஆவணங்களின் உள்ளூர் வழக்கங்களைத் தான் தொடுவதில்லை என்று முதற்பிரிவிலேயே ஒதுங்கிக்கொண்டது. செட்டிநாட்டு வணிகர்கள் பர்மா வரை சென்று வட்டித்தொழில் நடத்தியபோது அவர்களது கணக்கு தமிழில் இருந்தது. 2019 ஜூலையில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பட்ஜெட் ஆவணத்தைத் தோல்பெட்டிக்குப் பதிலாகச் சிவப்புத் துணியில் கட்டி, பழைய 'பஹி காதா' பேரேட்டின் வடிவில் நாடாளுமன்றத்துக்கு எடுத்து வந்தார். துணிக்குள் இருந்த உரையை அவர் வாசித்தது ஆங்கிலத்தில்.

ஆங்கிலத்தைச் சிறுமையாகவும் விடுதலையாகவும் பார்க்கும் இரு பார்வைகளும் தலைநகரில் அருகருகே வாழ்கின்றன. 2025 ஜூனில் தில்லியில் நடந்த ஒரு நூல் வெளியீட்டு விழாவில், இந்நாட்டில் ஆங்கிலம் பேசுவோர் வெட்கப்படும் காலம் தொலைவில் இல்லை என்ற பொருளில் உள்துறை அமைச்சர் அமித் ஷா பேசியது சர்ச்சையானது. ஏழைப் பிள்ளைகள் ஆங்கிலம் கற்று முன்னேறுவதை ஆளுங்கட்சி விரும்பவில்லை என்று எதிர்க்கட்சித் தலைவர் ராகுல் காந்தி பதிலடி கொடுத்தார். எந்த அயல்மொழிக்கும் எதிர்ப்பில்லை என்று சில நாட்களில் அமித் ஷாவே விளக்கமும் அளித்தார்.

அதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்பே, தில்லியில் வாழும் தலித் சிந்தனையாளர் சந்திரபான் பிரசாத், உத்தரப் பிரதேசத்தின் லக்கீம்பூர் கேரி மாவட்டத்தில் உள்ள பங்கா கிராமத்தில் 'ஆங்கில தேவி'க்குக் கோயில் எழுப்ப முனைந்தார். கையில் எழுதுகோல், காலடியில் கணினி என அந்தச் சிலை அமைக்கப்பட்டது. நகைப்புக்கு இடமானாலும் அதன் உட்பொருள் கூர்மையானது. உள்ளூர் மொழியில் சாதி ஒட்டியிருக்கிறது, ஆங்கிலத்தில் அது இல்லை என்பது அவரது வாதம். தலித்துகள் வேலை கேட்பவராக இல்லாமல் வேலை தருபவராக வேண்டும் என்று வலியுறுத்தி 2005-இல் மிலிந்த் காம்ப்ளே தொடங்கிய தலித் தொழில் வர்த்தக சபையுடனும் அவர் இணைந்து செயல்பட்டார். கடைவீதியில் தலைமுறையாக வேரூன்றிய சமூகங்களுக்கு, 'ஹைப்பாதிகேஷன்' என்ன என்பதை வீட்டுப் பெரியவரோ உறவுக்கார ஆடிட்டரோ சொல்லிவிடுகிறார். கூலிக்காரர் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கடை திறக்க வருபவருக்குச் சொல்ல ஆளில்லை. ஆங்கிலம் தெரியாமை இருவருக்கும் பொதுவாக இருந்தாலும் அதற்கான விலையை ஒருவரே கொடுக்கிறார்.

கைப்பேசி இதைத் தீர்த்துவிடும் என்பவர்கள் உண்டு. தாளின்மேல் கைப்பேசியைக் காட்டினால் மொழிபெயர்ப்பு வந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் ஒப்பந்தத் தாளில் அறிமுகமான முகத்தோடு வேறு பொருளில் நிற்கும் சொற்கள் பல. 'கன்சிடரேஷன்' என்பது அங்கு பரிசீலனை அல்ல, கைம்மாறாகத் தரப்படும் பணமோ பொருளோ. 'இன்ஸ்ட்ருமென்ட்' கருவி அல்ல, ஆவணம். 'எக்ஸிக்யூட்' என்றால் தூக்கிலிடுவதல்ல, ஆவணத்தில் கையெழுத்திட்டு முடிப்பது. 'இன்ட்ரஸ்ட்' ஓரிடத்தில் வட்டி, அடுத்த வரியில் உரிமைப் பங்கு. அகராதியில் முதலில் வரும் பொருளை எடுத்துக்கொண்டவர் ஆங்கிலம் தெரியாதவரைவிட மோசமான நிலையில் இருக்கிறார். தமக்குப் புரிந்துவிட்டது என்ற நம்பிக்கையில் அவர் யாரிடமும் கேட்பதில்லை.

வியாபாரத்துக்கான ஆங்கிலம் என்று ஒரு வகுப்பு நடக்குமானால் அதற்குப் பாடநூல் வேண்டியதில்லை. ஒரு பில், ஒரு காசோலை, ஒரு லாரி ஆபீஸ் ரசீது, ஒரு கடன் ஒப்பந்தம், ஒரு வரி நோட்டீஸ் ஆகியவை போதும். இவற்றில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் நூறைத் தாண்டா. காசோலைப் பாடத்தில் ஒரு தேதிக்கணக்கும் சேரும். 1989 முதல் நடைமுறையில் உள்ள 138-ஆவது பிரிவின்படி, காசோலை பணமின்றித் திரும்பிய தகவல் வந்த 30 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அதைப் பெற்றவருக்கு 15 நாள் அவகாசம். அதன்பின் ஒரு மாதத்துக்குள் வழக்கு. 'டிஸ்ஹானர்டு', 'ஃபண்ட்ஸ் இன்சஃபிஷியன்ட்' என்ற வங்கிச் சீட்டின் சொற்களை வாசிக்கத் தெரியாமல், இன்றைக்கு நாளைக்கு என்று சொல்பவரை நம்பித் தேதியைத் தவறவிட்டவர்கள் கடைவீதி எங்கும் இருக்கிறார்கள்.

சேலத்தில் தொடங்கிய வழக்கு

சாவ்ரி பஜார் பில்லின் இரண்டாவது வாசகம் இன்னும் மிச்சமிருக்கிறது. 'சப்ஜெக்ட் டு டெல்லி ஜூரிஸ்டிக்‌ஷன்' என்றால், இந்த விற்பனையில் தகராறு எழுந்தால் அது தில்லி நீதிமன்றத்தின் அதிகார வரம்புக்கு உட்பட்டது என்று பொருள். சரக்கை வாங்கியவர் திருநெல்வேலியில் இருந்தாலும் தில்லிக்குத்தான் வரவேண்டும் என்பது அச்சிட்டவரின் எண்ணம். அது அவ்வளவு எளிதா என்ற கேள்விக்கு விடை, தமிழகத்தில் தொடங்கி தில்லியில் முடிந்த ஒரு வழக்கில் இருக்கிறது.

சேலத்து ஏஜென்சி ஒன்று, குஜராத்தைச் சேர்ந்த ஏ.பி.சி. லாமினார்ட் நிறுவனத்திடம் 1970-களில் ஜரிகை நூல் வாங்க ஒப்பந்தம் செய்தது. தகராறு எதுவாயினும் 'கைரா ஜூரிஸ்டிக்‌ஷனுக்கு' உட்பட்டது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. கைரா என்பது அந்தக் குஜராத் மாவட்டத்தின் அன்றைய பெயர். தகராறு வந்தது. சேலம் வணிகர் சேலம் நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடுத்தார். இங்கு வழக்காட முடியாது என்றது கீழ் நீதிமன்றம். முடியும் என்றது சென்னை உயர் நீதிமன்றம். குஜராத் நிறுவனம் உச்ச நீதிமன்றம் சென்றது. 1989-இல் தீர்ப்பு வந்தது. கைரா நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று அந்த வரி சொல்கிறதே தவிர, மற்ற நீதிமன்றங்களுக்கு இல்லை என்று தெளிவாகச் சொல்லவில்லை. 'ஒன்லி', 'அலோன்', 'எக்ஸ்குளூசிவ்' போன்ற விலக்கும் சொல் எதுவும் அதில் இல்லை. ஆகவே சேலத்தில் வழக்கு நடக்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். 'மட்டும்' என்ற பொருள்தரும் ஒரு சின்ன ஆங்கிலச் சொல் விடுபட்டதால், சேலம் வணிகர் தம் ஊரிலேயே வழக்காட முடிந்தது.

கதை அத்துடன் நிற்கவில்லை. ஜெய்ப்பூர் எரிவாயு நிறுவனம் ஒன்றுக்கும் இந்தியன் ஆயிலுக்கும் இடையிலான வழக்கில், ஒப்பந்தம் கொல்கத்தா நீதிமன்றங்களின் அதிகாரத்தைக் குறிப்பிட்டிருந்தது. 'ஒன்லி' அங்கும் இல்லை. 2013-இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, அச்சொல் இல்லாததனால் மட்டும் வேறுபாடு எதுவும் ஏற்பட்டுவிடாது என்றது. ஓர் ஊரைக் குறித்ததே மற்ற ஊர்களை விலக்கும் எண்ணத்தைக் காட்டுகிறது என்று கூறி, ஜெய்ப்பூரில் வழக்காடும் கதவை அடைத்தது. சேலத்துக்காரருக்குக் கைகொடுத்த வாதம், கால் நூற்றாண்டுக்குள் ஜெய்ப்பூர்க்காரருக்குக் கைகொடுக்கவில்லை.

காசோலையில் தொகையை எழுதி முடித்ததும் 'ஒன்லி' என்று எழுதாமல் எந்த வியாபாரியும் விடுவதில்லை. பின்னால் எவரும் ஒரு சுழியைச் சேர்த்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அது என்பதைக் கடைப் பையனும் அறிவான். அதே சொல் பில்லின் அடியில் இருக்கிறதா என்று திருப்பிப் பார்ப்பவர் குறைவு. சில பில் புத்தகங்களில் அது இருக்கிறது, சிலவற்றில் இல்லை. எது எந்த வாடிக்கையாளருக்குப் போகிறது என்பதை, அச்சகத்தில் கடைசியாக யாருடைய மாதிரி மேஜைமேல் கிடந்தது என்பதே தீர்மானிக்கிறது.